‘ஒன் ஏ.எம்.’ மாதிரி குடிகாரக் காமெடி: வேகம், கம்பளம், மாடிப்படி பற்றிச் சில சந்தேகங்கள்

ரெண்டுரீல்:

வணக்கம். வசனமே இல்லாமல், டைட்டில் அட்டைகளை மட்டும் வைத்து ஏழு நிமிடக் கருப்பு வெள்ளைப் படம் ஒன்று எடுக்கிறோம். மூக்குமுட்டக் குடித்த ஒரு பணக்காரர் நள்ளிரவில் வீடு திரும்புகிறார். மாடியில் இருக்கும் கட்டிலைப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் கதை. சாப்ளின் மியூச்சுவல் கம்பெனிக்காக 1916-ல் எடுத்த ‘ஒன் ஏ.எம்.’தான் எங்களுக்குப் பாடப்புத்தகம். அதில் உள்ளதை அப்படியே எடுத்துப் போடும் எண்ணம் இல்லை. ஒவ்வொரு பிட்டும் (சிறு நகைச்சுவைத் துணுக்கும்) எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டு எங்கள் செட்டுக்கு ஏற்றபடி புதிதாகக் கட்ட வேண்டும்.

சோதனை ஷூட்டில் இடித்த இடங்கள் இவை. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்து எடிட்டிங்கில் 150 சதவீதம் வேகம் ஏற்றினோம். பழைய படம் போலத் தெரியாமல், வீடியோவை ஓட்டிவிட்டுப் பார்ப்பது போல வெட்டி வெட்டி ஓடுகிறது. நடிகர் நன்றாகத்தான் தள்ளாடுகிறார், ஆனால் சிரிப்பு வரவில்லை. உடம்பு முடியாதவரைப் பார்க்கிற மாதிரி பரிதாபம்தான் வருகிறது. கம்பளம் வழுக்கும் இடத்தில் ஒன்று கம்பளம் நகரவே மாட்டேன் என்கிறது, இல்லையென்றால் கம்பளம் அப்படியே இருக்க அதன் மேல் கால் மட்டும் சறுக்குகிறது. மாடிப்படியில் உருளுவதை அடிபடாமல் எப்படி எடுப்பது? கடைசியாக, வெறுமனே நிறத்தை எடுத்துவிட்டால் சாம்பல் பூசியது போல இருக்கிறது. அந்தக் காலத்து முகம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

கைப்பிடி:

வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

24 ஃபிரேமை 150 சதவீதம் ஏற்றினால் மென்பொருள் மூன்று ஃபிரேமுக்கு ஒன்றைத் தூக்கி எறிகிறது. நீங்கள் சொல்லும் வெட்டு அதனால்தான் வருகிறது. அந்தக் காலத்தில் யாரும் ஃபிரேமை எறியவில்லை. கேமராவின் கைப்பிடியை மெதுவாகச் சுற்றினார்கள், திரையிடும்போது கொஞ்சம் வேகமாக ஓட்டினார்கள். எடுத்த ஒவ்வொரு ஃபிரேமும் திரைக்கு வந்தது.

கணக்கு இப்படி. 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். இரண்டு ரீல் படம் என்றால் அதிகபட்சம் 2000 அடி, அதாவது 32,000 ஃபிரேம். நொடிக்கு 16 என்று ஓட்டினால் 33 நிமிடம் 20 நொடி. 20 என்று ஓட்டினால் 26 நிமிடம் 40 நொடி. 24-ல் ஓட்டினால் 22 நிமிடத்துக்குச் சற்று மேல். ஒரே படத்துக்கு இணையத்தில் விதவிதமான நீளம் காட்டுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். 1932-ல் வான் ப்யூரன் நிறுவனம் சாப்ளினின் பன்னிரண்டு மியூச்சுவல் படங்களையும் வாங்கி, இசையும் சத்தங்களும் சேர்த்துப் பேசும்பட வேகத்தில் வெளியிட்டது. அந்த வழியில் வந்த பிரதியைப் பார்த்துவிட்டு ‘ஒன் ஏ.எம்.’ இவ்வளவு வேகமான படம் என்று முடிவு கட்டாதீர்கள். மீட்டெடுத்த பிரதியில் அதே மாடிப்படிக் காட்சியைப் பாருங்கள். அவர் எவ்வளவு நிதானமாக யோசிக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் கேமராவில் 20 அல்லது 18 ஃபிரேமில் பதிவு செய்ய முடிந்தால் அப்படியே எடுத்து 24-ல் ஓட்டுங்கள். 20-ல் எடுத்தால் 1.2 மடங்கு, 18-ல் எடுத்தால் 1.33 மடங்கு. பல கேமராக்களில் அந்த வசதி இருக்காது. அப்படியானால் 24-ல் எடுத்து, எடிட்டிங் மென்பொருளில் டைம்லைனை 30 என்று வைத்து, ஃபிரேமுக்கு ஃபிரேம் அப்படியே போடுங்கள். வேகத்தைக் கூட்டும் கருவியைத் தொடவே வேண்டாம், கிளிப்பின் ஃபிரேம் கணக்கையே 30 என்று மாற்றிவிடுங்கள். ஒரு ஃபிரேமும் இழக்காமல் 1.25 மடங்கு கிடைக்கும். 25-ல் எடுத்து 30-ல் போட்டால் 1.2.

குடிகாரக் காட்சிக்கு 1.25-ஐத் தாண்டாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. துரத்தல் காட்சி வேகத்தில் பிழைக்கும். குடிகாரன் பிழைப்பது தயக்கத்தில். அவன் கதவைப் பார்த்து, யோசித்து, கையை நீட்டும் அந்த ஒன்றரை நொடியை வேகம் தின்றுவிடுகிறது. நடிகருக்கும் இதைச் சொல்லுங்கள்: திரையில் ஒரு நொடி மௌனம் வேண்டுமானால் தளத்தில் ஒன்றேகால் நொடி நிற்க வேண்டும். மனதுக்குள் எண்ணிப் பழகினால் இரண்டு நாளில் வந்துவிடும்.

இன்னொன்று, ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம். 20 ஃபிரேமில் எடுக்கும்போது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகள் இருந்தால் ஷட்டரை 1/50-ல் வையுங்கள். கோணக் கணக்கில் 144 பாகை. இல்லாவிட்டால் படம் முழுக்கப் பட்டை ஓடும். அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு.

ஒத்திகை:

இரண்டாவது கேள்விதான் உண்மையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நடிகர் “நன்றாகத் தள்ளாடுகிறார்” என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அங்கேதான். குடிகாரன் தள்ளாட முயற்சி செய்வதில்லை. தள்ளாடாமல் இருக்கத்தான் உயிரைக் கொடுத்து முயற்சி செய்கிறான். பார்ப்பவருக்குச் சிரிப்பு வருவது அந்த முயற்சியைப் பார்த்து. விழுவதை மட்டும் காட்டினால் பரிதாபம்தான் மிஞ்சும்.

சாப்ளினுக்கு இது திடீரென்று வந்ததல்ல. இங்கிலாந்தில் ஃப்ரெட் கார்னோ நடத்திய மேடை நகைச்சுவைக் குழுவில் 1908-ல் சேர்ந்து, ‘மம்மிங் பேர்ட்ஸ்’ என்ற மேடை நிகழ்ச்சியில் பெட்டி இருக்கையில் (அரங்கின் பக்கவாட்டுத் தனி மாடத்தில்) உட்கார்ந்து கலாட்டா செய்யும் குடிகாரக் கனவானாக மேடை மேடையாக நடித்தவர். அதையே 1915-ல் ‘எ நைட் இன் தி ஷோ’ என்று படமாக்கினார். ‘ஒன் ஏ.எம்.’ வரும்போது அந்த வேடத்துக்கு அவர் உடம்பில் ஆண்டுக்கணக்கில் பயிற்சி ஏறியிருந்தது. உடையைக் கவனியுங்கள். கிழிந்த கோட்டு நாடோடி இதில் இல்லை. உயரத் தொப்பி, மேலங்கி, மாலை விருந்துக்குரிய உடுப்பு. கௌரவம் இருப்பவனுக்குத்தான் அதைக் காப்பாற்றும் வேலை இருக்கிறது.

உடல் ரீதியாக என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நடிகருக்குப் பிடி கிடைக்கும். மது சிறுமூளையைத் தாக்குகிறது. அதனால் கால்கள் அகன்று நிற்கும். பொருளை எடுக்கப் போகும் கை அதைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பும். கண் ஒரு பொருளில் சீராக நிற்காமல் துடிக்கும். ஆகவே இடுப்பை ஆட்ட வேண்டாம். பாதங்களைத் தோள் அகலத்துக்கு மேல் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் விறைப்பாக்கி, தலையை மட்டும் நேராக வைத்துக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். முதலில் கண் பொருளைப் பிடிக்கட்டும். அரை நொடி கழித்துத் தலை திரும்பட்டும். பிறகு தோள், கடைசியில் கால். இந்த வரிசை மாறாமல் வந்தால் ஒரு சொட்டுத் தள்ளாட்டம் இல்லாமலேயே போதை தெரியும்.

ஒத்திகைக்கு ஒரு பயிற்சி. தரையில் ஒட்டுநாடாவால் மூன்று மீட்டர் நேர்கோடு ஒட்டுங்கள். நடிகர் கையில் விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய கோப்பை. கோட்டை விட்டு விலகாமல், ஒரு துளி சிந்தாமல் நடக்க வேண்டும். நடுவில் நீங்கள் கை தட்டும்போது மட்டும் அவருடைய எடை ஒரு பக்கம் சாயலாம், உடனே சரிசெய்துகொள்ள வேண்டும். முப்பது நொடிக் காட்சிக்கு நான்கு தட்டு போதும். தொடர்ந்து ஆடிக்கொண்டே இருந்தால் கண் பழகிவிடும், அடுத்த ஆட்டத்துக்கு மதிப்பு இருக்காது.

அப்புறம், கை. கால் தோற்றாலும் கை நாகரிகமாக இருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றுவது, கையுறையை உருவுவது, சாவியைத் தேடுவது எல்லாம் நகைக்கடைக்காரரின் நேர்த்தியோடு நடக்கட்டும். அந்தப் படத்தின் தொடக்கத்தில் சாவி கிடைக்காமல் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறார், மீன் தொட்டிக்குள் காலை வைக்கிறார். பிறகு சாவி பையிலேயே இருப்பதைக் கண்டுபிடித்து, மறுபடி ஜன்னல் வழியாகவே வெளியே போய், கதவைத் திறந்து முறைப்படி உள்ளே வருகிறார். அவருடைய கணக்கில் அது முற்றிலும் நியாயமான செயல். உங்கள் பாத்திரத்துக்கும் இப்படி ஒரு தர்க்கம் கொடுங்கள். தவறான முடிவுதான், ஆனால் படிப்படியாக யோசித்து எடுத்த முடிவு.

பழையபிரதி:

ஒத்திகை சொன்னதெல்லாம் சரி. ஆனால் ‘ஒன் ஏ.எம்.’ஒன்றையே பாடமாக வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. டாக்சி ஓட்டுநராக வரும் ஆல்பர்ட் ஆஸ்டின் போனபிறகு மீதிப் படம் முழுக்க ஓர் ஆளும் மேசை நாற்காலிகளும்தான். அதைத் தூக்கி நிறுத்த சாப்ளின் வேண்டும். தொடக்கத்தில் கதவோடும் மீட்டரோடும் அவர் படும் பாட்டை அசையாத முகத்தோடு ஆஸ்டின் பார்த்துக்கொண்டிருக்கிறார் பாருங்கள், அங்கே சிரிப்பு இரட்டிப்பாகிறது. தெளிவாக இருக்கும் ஒருவரின் முகம் பக்கத்தில் இருந்தால்தான் போதையின் அளவு தெரியும். அளவுகோல் இல்லாமல் அளக்க முடியாது.

அதனால் அடுத்த ஆண்டே வந்த ‘தி க்யூர்’ (1917) படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடியை விடுவதற்காக நீரூற்றுச் சிகிச்சை நிலையத்துக்குப் பெட்டி நிறைய பாட்டில்களோடு வருகிறார். அந்தச் சரக்கு கிணற்றுக்குள் போய்விடுகிறது, ஊரே போதையாகிறது. சுழல்கதவு, கட்டுப்போட்ட காலோடு பருத்த நடிகர் எரிக் கேம்பல் என்று எதிரே மோதுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் படத்தின் வெட்டப்பட்ட ஷாட்டுகள் பிழைத்திருக்கின்றன. கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் 1983-ல் எடுத்த ‘அன்னோன் சாப்ளின்’ ஆவணப்படத்தில் அவற்றைக் காணலாம். செட்டின் நடுவே முதலில் இருந்தது ஊற்றுத்தொட்டி, பிறகுதான் அது கிணறாக மாறியது. ஆள் விழுவதற்கு ஓர் ஆழம் கிடைத்ததும் பிட்டுகள் தானாகப் பெருகின. செட்டில் ஒரே ஒரு பொருளை மாற்றினால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

தள்ளாட்டமே தேவைப்படாத வழியும் உண்டு. ‘தி ஐடில் கிளாஸ்’ (1921): குடியை நிறுத்தும்வரை பிரிந்திருப்பேன் என்று மனைவி எழுதிய கடிதத்தைப் படிக்கிறார். நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார், தோள்கள் குலுங்குகின்றன. அழுகிறார் என்று நினைக்கிறோம். திரும்பினால் கையில் காக்டெய்ல் குலுக்கும் பாத்திரம். கால் ஓரடி நகரவில்லை, ஒரு பொருளும் விழவில்லை.

பிரான்சில் நகைச்சுவை நடிகர் மேக்ஸ் லிண்டர் 1911-லேயே இன்னொரு வழியைப் பிடித்துவிட்டார். மருத்துவர் எழுதிக்கொடுத்த சின்கோனா ஒயினை அளவில்லாமல் குடித்துவிட்டுப் பெரிய மனிதர்களோடு சண்டை போடுகிறார். துவந்த யுத்தத்துக்கு அழைப்பாக அவர்கள் ஆளுக்கொரு முகவரி அட்டை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். போலீஸ்காரர்கள் அந்த அட்டையைப் பார்த்து, இவர்தான் அந்தப் பெரிய மனிதர் என்று நம்பி, சலாம் வைத்து அவரவர் வீட்டிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள். சிரிப்பு முழுவதும் மற்றவர்களின் தவறான மரியாதையில் இருக்கிறது. உங்கள் ஏழு நிமிடத்தில் இப்படி ஓர் ஆள், ஒரு மாடிவீட்டு வேலைக்காரரோ வாசல் காவலாளியோ, இருந்தால் நடிகரின் பாரம் பாதியாகக் குறையும்.

ரெண்டுரீல்:

மிக்க நன்றி. டைம்லைன் 30 வழி உடனே பலன் கொடுத்தது, வெட்டு போய்விட்டது. டாக்சி ஓட்டுநர் பாத்திரத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறோம்: கூலி வாங்காமல் வாசலிலேயே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கம்பளம், மாடிப்படி, சுவரிலிருந்து இறங்கும் கட்டில், இந்த மூன்றையும் செய்யும் விதம் யாராவது சொல்ல முடியுமா? நடிகர் ரப்பர் அடி வேண்டாம் என்று வழவழப்பான தோல் அடி ஷூ போட்டிருக்கிறார்.

தட்டுமுட்டு:

அந்தத் தோல் அடி ஷூதான் குற்றவாளி. கம்பளம் நகர வேண்டுமென்றால் ஷூ கம்பளத்தைக் கவ்வ வேண்டும், கம்பளம் தரையை விட வேண்டும். உங்களிடம் இரண்டும் தலைகீழாக இருக்கிறது. ஷூவின் அடியில் மெல்லிய ரப்பர் ஒட்டிவிடுங்கள். கம்பளத்தின் அடியில் ரப்பர் பூச்சு இருந்தால் அந்தக் கம்பளத்தையே மாற்றுங்கள். அடிப்பக்கம் முழுவதும் சாட்டின் துணியை இழுத்துத் தைத்து, நான்கு ஓரங்களையும் மடித்து முடியுங்கள். ஓரம் பிசிறினால் நகரும்போது சுருண்டு நின்றுவிடும்.

தரைக்கு வார்னிஷ் அடித்த பிளைவுட். அதன் மேல் உலர்ந்த மெழுகுப் பாலிஷ், துணியால் நன்றாகத் தேய்த்து. எண்ணெய், சோப்பு இரண்டும் கூடாது. விளக்கொளியில் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும். அதைவிட மோசம், அன்று முழுக்கத் தளத்தில் நடப்பவர் எல்லோரும் விழுவார்கள். கம்பளம் ஓட வேண்டிய இரண்டரை மீட்டருக்கு மட்டும் மெழுகு போதும். அந்த எல்லையில் கேமராவுக்குத் தெரியாத சிறு அடையாளம் வையுங்கள்.

கம்பளத்தின் நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்ட வேண்டாம். எந்தத் திசையில் விழ வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு இயக்கம். நீள எட்டு வைத்துக் குதிகால் கம்பளத்தில் இறங்கினால் கம்பளம் முன்னால் ஓடும், உடம்பு பின்தங்கும், ஆள் உட்கார்ந்த வாக்கில் விழுவார். கம்பளத்தின் மேல் நின்று முன்னே உந்திக் கிளம்பினால் கம்பளம் பின்னால் பறக்கும், ஆள் குப்புற விழுவார். முதலாவது எளிது, அதையே அதிகம் பயன்படுத்துங்கள். குப்புற விழுவதைப் படத்தில் ஒரே ஒரு தடவை வையுங்கள், அதுவும் மெத்தையோ சோபாவோ எதிரில் இருக்கும் இடத்தில்.

நடிகரின் காலை மட்டும் நம்பினால் ஐந்து டேக்கில் ஒன்றுதான் சரியாக வரும். கம்பளத்தின் முன்னோர மூலைகள் இரண்டிலும் கருப்பு நைலான் நூல் தைத்து, மேசைக்கு அடியில் கொண்டுபோய், ஃபிரேமுக்கு வெளியே ஒருவர் இழுக்கட்டும். 60 முதல் 90 செ.மீ. போதும். சுண்டி இழுக்காமல், ஒரே சீராக, நடிகரின் எடை முன்காலுக்கு மாறும் அந்தக் கணத்தில் இழுக்க வேண்டும். அந்தக் கணத்துக்கு முன்பே இழுத்தால் “இழுத்துவிட்டார்கள்” என்று தெரிந்துவிடும்.

உட்கார்ந்து விழுவது: ஒரு கால் முன்னே ஓடும்போதே மற்ற முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்த வேண்டும். பிட்டம் தரையைத் தொடும்போது விழுந்த உயரம் 30 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், தலை பின்னால் தட்டாமல் இருக்க அதுதான் ஒரே காப்பு. கையைப் பின்னால் ஊன்றவே கூடாது, மணிக்கட்டு முறியும். முன்கை முழுவதும் பக்கவாட்டில் தரையில் அறையட்டும். வால் எலும்புக்கும் முழங்கைக்கும் 2 செ.மீ. ஃபோம், தளர்ந்த கால்சட்டைக்குள் தெரியாது. முதல் மூன்று நாள் விரித்த பாயில் மட்டும் பழகட்டும்.

மாடிப்படிக்கு வருவோம். மேலிருந்து கீழ்வரை ஒரே ஷாட்டில் உருளும் ஆசையை விட்டுவிடுங்கள். அதற்கென்று பயிற்சி பெற்ற சண்டைக் கலைஞர் செய்ய வேண்டிய வேலை அது. உங்களுக்கு நான்கு படிகள் போதும். படிகளின் மேல் 2 முதல் 3 செ.மீ. ஃபோம் போட்டு அதன் மேல் கம்பளம் இழுத்து ஆணியடியுங்கள். முக்கியமாகப் படியின் மூக்கு விளிம்பு உருண்டையாக வரும்படி. விலாவும் தாடையும் அடிபடுவது அந்த விளிம்பில்தான். உருளாமல், குப்புறப் படுத்த நிலையில் கால்கள் முதலில் இறங்க, முன்கைகளால் வேகத்தைப் பிடித்துக்கொண்டு சறுக்கினால் கேமராவுக்கு உருளுவதைவிட அது வேடிக்கையாகத் தெரியும். முகத்தைக் கேமராப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாம் அல்லவா. கீழே நிற்கும் உதவியாளர் ஃபிரேமின் ஓரத்தில் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கட்டும்.

சாப்ளின் படத்தில் இடமும் வலமுமாக இரண்டு மாடிப்படிகள் இருப்பதன் பயனைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பக்கம் தோற்றால் மறுபக்கம் போகலாம் என்ற நம்பிக்கை அவனுக்கு உண்டு. மேலே போனால் கடிகாரத்தின் பெரிய ஊசல் தட்டி இறக்கிவிடுகிறது. ஒரே தோல்வி, வெவ்வேறு வழிகள். மலையேறும் கயிறும் கோலும் எடுத்துக்கொண்டு வருமளவுக்கு அவன் தயாரிப்பும் ஏறிக்கொண்டே போகிறது. உங்களிடம் ஒரே படிக்கட்டுதான் என்றால் ஏறும் முறையை மாற்றுங்கள்: நேராக, பக்கவாட்டாக, பின்னோக்கி, கடைசியில் வெளிப்புறமாகக் கைப்பிடியைப் பிடித்தபடி.

கட்டில். நிஜமான மடக்குக் கட்டிலைப் பயன்படுத்தாதீர்கள், அதன் ஸ்பிரிங் விரலைத் துண்டாக்கும் பலம் கொண்டது. 25 மி.மீ. பைன் மரச் சட்டம், மேலே மெல்லிய ஃபோம், மொத்தம் 15 கிலோவுக்குள். ஸ்பிரிங்கே வேண்டாம். சுவருக்குப் பின்னால் இரண்டு பேர், கயிறு, கப்பி. கீலுக்கும் சுவருக்கும் நடுவே குறைந்தது 3 செ.மீ. இடைவெளி. சட்டத்தின் விளிம்பில் ஃபோம் பட்டை. நடிகரின் இரு கைகளும் சட்டத்தை விட்டு விலகியபிறகுதான் கயிறு அசைய வேண்டும். நடிகரே குதிகாலால் தரையில் ஒரு தட்டு தட்டிச் சைகை கொடுக்கட்டும், மௌனப் படத்தில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கப் போவதில்லை.

மீன் தொட்டி மாதிரி ஏதாவது வைத்தால் கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக். வாய் அகலம் 25 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் ஷூ சிக்காது. அடியில் வழுக்காத பாய். உயிருள்ள மீனும் வேண்டாம், மெல்லிசாகச் சீவிய கேரட் துண்டு கருப்பு வெள்ளையில் அச்சு அசலாகத் தங்கமீன்தான். விஸ்கிக்குப் பால் கலக்காத தேநீர்.

நைட்ரேட்:

அந்தக் காலத்து முகம் பற்றிய கேள்விக்கு யாரும் போகவில்லை, அதனால் இது.

1910-களின் ஃபிலிம் சிவப்பு நிறத்தை ஏறத்தாழப் பார்க்கவே பார்க்காது. நீலத்தை மிக நன்றாகப் பார்க்கும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாடிக் ஃபிலிம் பரவலானது 1920-களின் பிற்பகுதியில். ஆகவே நிறத்தை உருவிவிட்டால் மட்டும் போதாது. எடிட்டிங்கில் கருப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்புச் சேனலைப் பூஜ்யமாக்கி, பச்சை 55, நீலம் 45 சதவீதம் என்று தொடங்குங்கள். உடனே உதடு கருக்கும், தோலில் உள்ள சின்னச் சின்னப் புள்ளியெல்லாம் எழும்பி வரும். அந்தக் காலத்து நடிகர்கள் முகத்தில் வெள்ளை அப்பிக்கொண்டது அதற்காகத்தான். உங்கள் நடிகருக்கும் தோலைவிட இரண்டு படி வெளிறிய பேஸ் ஒப்பனை போட்டு, கண்ணிமையைச் சுற்றிக் கருப்புக்கோடு வரையுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. குடிகாரன் என்றதும் மூக்கில் சிவப்பு பூசத் தோன்றும், மேடை வழக்கம் அது. இந்த மாற்றத்தில் அது மூக்கின் மேல் அட்டைக்கரியாகத் தெரியும். போதையை நிறத்தால் காட்ட வழியில்லாததால்தான் மௌனப்படக் குடிகாரர்கள் அதை இமையிலும் தொப்பியின் சாய்விலும் காட்டினார்கள். மேல் இமையில் மட்டும் லேசான சாம்பல் நிழல் போட்டால் கண் பாதி மூடியது போல இருக்கும், அது போதும்.

வெளிச்சம்: அன்றைய கலிஃபோர்னிய ஸ்டூடியோக்களில் வீட்டின் உள்பகுதியைக்கூடக் கூரையில்லாத மேடையில் கட்டி, மேலே மெல்லிய மஸ்லின் துணி விரித்து வெயிலில் எடுத்தார்கள். அதனால் நள்ளிரவுக் காட்சியிலும் நிழல் அதிகம் இராது. மூலைக்கு மூலை இருட்டு வைத்தால் அழகாக இருக்கும், ஆனால் 1916 போல இருக்காது, பாதமும் தெரியாது. செட்டுக்கு மேலே 3 மீட்டர் உயரத்தில் வெள்ளைத்துணி கட்டி, அதன் வழியே விளக்கை இறக்குங்கள்.

சட்டகம் 1.33-க்கு 1. தலை முதல் பாதம் வரை எப்போதும் உள்ளே. பாதத்துக்குக் கீழே ஃபிரேமின் உயரத்தில் பத்தில் ஒரு பங்காவது தரை தெரிய வேண்டும், கம்பளம் அங்கேதான் வாழ்கிறது. கேமரா இடுப்பு உயரத்தில், அசையாமல். விழும் கணத்தில் வெட்டாதீர்கள். விழுந்து எழுந்து, மேலங்கியைத் தட்டிவிட்டு, எதுவும் நடக்காதது போல நிற்பதுவரை ஒரே ஷாட். தட்டுமுட்டு சொன்ன நான்கு படி மட்டும் விதிவிலக்கு.

கீறலும் தூசியும் சேர்க்கும் எஃபெக்ட் வேண்டவே வேண்டாம். அவை நூறாண்டு தேய்மானம். படம் வெளியான அன்று பார்த்தவர்களுக்குக் கண்ணாடி போலத் துல்லியமாகத்தான் தெரிந்தது.

ரெண்டுரீல்:

மூக்குச் சிவப்பு ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தோம், நல்லவேளை. ஒரே ஒரு கேள்வி: டைட்டில் அட்டை எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம்? முடிவில் அவர் கட்டிலில் படுத்துத் தூங்குவதாக வைத்திருக்கிறோம்.

ஒத்திகை:

ஏழு நிமிடத்துக்கு மூன்று அட்டை தாராளம். தொடக்கத்தில் நேரத்தைச் சொல்ல ஒன்று. ஓட்டுநர் கூலி கேட்க ஒன்று. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், எடிட்டிங்கில் எங்காவது புரியாமல் போனால் மட்டும் பயன்படும். நீங்களே வாய்விட்டு நிதானமாக இரண்டு தடவை படிக்கும் நேரம் திரையில் நிற்கட்டும். பத்துச் சொல் அட்டைக்கு ஆறேழு நொடி வரும். வேகம் ஏற்றிய டைம்லைனில் அட்டைக்கும் வேகம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவைப் பற்றி: கட்டிலோடு அவ்வளவு போராடிவிட்டு அதே கட்டிலில் தூங்கினால் போராட்டம் வீணாகிவிடும். ‘ஒன் ஏ.எம்.’இல் அவர் கடைசியில் போய்ப் படுப்பது குளியல் தொட்டியில். உங்களிடம் வாசலில் டாக்சி நிற்கிறது, ஓட்டுநரும் கூலிக்காகக் காத்திருக்கிறார். மாடியிலிருந்து தோற்று இறங்கி, முறைப்படி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, டாக்சியின் பின் சீட்டில் படுத்துக்கொள்ளட்டும். ஓட்டுநர் அசையாத முகத்தோடு மீட்டரை மறுபடி போடட்டும். அந்த ஷாட்டில் இரண்டு முகமும் தெரிய வேண்டும், ஆகவே டாக்சியைக் கேமராவுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, நம் பக்கத்துக் கதவைக் கழற்றிவிட்டு எடுங்கள்.